ஓ.கே. என்னும் ஒரு சொல்: அதன் பிறப்பும் பொருள் விரிவும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலராசிரியர் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் சங்கச் செய்யுளைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ எழுதுவோம் என அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமோ ஆங்கில மொழியின் கொச்சை வழக்குச் சொல் ஒன்றனை எடுத்துக்கொண்டோம். இஃது எற்றுக்கு எனின், இச்சொல் காரணமாக எம் பழைய மாணாக்கர் சிலருக்கு யாம் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று உளது. அவர்கள் இன்று பல நாடுகளிற் சிதறி வாழ்கின்றனர். அவர்கள் அனைவர் கைக்கும் செல்லும் ஏடு இம்மலர் ஒன்றேயாதலின், கடன் தீர்த்தற்கு இதனினுஞ் சிறந்த இடம் வேறில்லை.

நிகழ்ந்தது இது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், எட்டாம் வகுப்பு மாணாக்கருக்கு உரையாடல் ஒன்று எழுதுமாறு பணித்தோம். ஒரு மாணவன் தன் உரையாடலில், 'ஓகே, நாளைக்கு வருகிறேன்' என எழுதியிருந்தான். யாம் சிவப்பு மையால் அதனை வெட்டிவிட்டு, வகுப்பு முழுவதுங் கேட்க ஒரு கதை சொன்னோம். அமெரிக்க நாட்டிலே அன்ட்ரூ ஜக்சன் என்றொரு சனாதிபதி இருந்தாராம். அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதாம். 'எல்லாஞ் சரி' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரைப் பிழைபட எழுதி, அதன் முதலெழுத்துக்களாகிய ஓ, கே என்பவற்றை அரசாங்கத் தாள்களில் இட்டாராம். எழுத்தறியாதான் ஒருவனின் பிழையே இச்சொல்லாயிற்றாம். வகுப்புச் சிரித்தது.

பின் வாங்கிலிருந்த வேறொரு மாணவன் எழுந்து, 'சேர், ஜக்சன் எழுதின அந்தத் தாளை ஆராவது கண்டிருக்கினமோ?' என வினவினான். அவன் எழுத்துப்பிழை மலிய எழுதுபவன். யாம், 'நீ முதலிற் பிழையில்லாமல் எழுதப் பழகு; அமெரிக்க சனாதிபதியைப் பிறகு விசாரிக்கலாம்' என்றோம். வகுப்பு முன்னினும் உரக்கச் சிரித்தது. அவன் இருந்துவிட்டான். அவ்வாண்டு முழுவதும் அவன் எம்மிடம் வேறொரு வினாவும் வினவியதில்லை.

அவன் வினவியது தக்க வினா. அதற்குரிய விடையைப் பின்னாளில் யாம் தேடிக் கற்றோம். அதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

குழூஉக்குறி

ஆங்கிலத்தில் 'ஸ்லாங்' எனப்படுவதைத் தமிழிற் கொச்சை என மொழிபெயர்ப்பது பெருவழக்கு. ஆயினும் சொற்கள் சிதைந்து வழங்குவதே கொச்சை. ஒரு கூட்டத்தார் தம்முள் மட்டும் விளங்குமாறு ஒன்றற்கு வேறு பெயரிட்டு வழங்குவதை நம் இலக்கண நூலார் குழூஉக்குறி என்றனர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என வழங்கியதும், கள்ளைச் 'சொல்விளம்பி' என வழங்கியதும் மாணாக்கர் அறிந்த எடுத்துக்காட்டுக்கள். இக்குறிகளிற் பெரும்பாலானவை அக்கூட்டத்தோடு தோன்றி அக்கூட்டத்தோடு மறையும். ஒரோவொன்று கூட்டத்தைக் கடந்து ஊர்க்கும் உலகிற்கும் பொதுவாகும். ஓ.கே. என்பது அவ்வாறு கூட்டங் கடந்த குழூஉக்குறி.

பொஸ்ரன் நகரப் பத்திரிகையாசிரியர்கள்

1838-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துப் பத்திரிகையாசிரியரிடையே ஒரு விளையாட்டு வழக்குத் தோன்றியது. நீண்ட தொடர்களின் முதலெழுத்துக்களை மட்டும் எழுதிப் படிப்போரைத் திகைக்கவைத்து நகைப்பது அவ்வழக்கு. 'ஆகாது' எனும் பொருளில் வரும் 'நோ கோ' என்பதை என்.ஜி. என்றும், 'அற்பம்' எனும் பொருளில் வரும் 'சிறிய உருளைக்கிழங்கு' என்பதை எஸ்.பி. என்றும் எழுதினர். இஃது அலுத்துப்போக, விளையாட்டை ஒருபடி உயர்த்தினர். தொடர்களை வேண்டுமென்றே பிழைபட எழுத்துக்கூட்டி, அப்பிழையின் முதலெழுத்துக்களைக் கொண்டனர். 'பயனில்லை' எனப் பொருள்படும் 'நோ யூஸ்' என்பதில் 'நோ' எனும் ஒலிக்குக் கே என்னும் எழுத்தில் தொடங்கும் வேறொரு சொல்லைப் பெய்து, கே.வை. என்றெழுதினர். 'ஓல் றைட்' என்பதும் அவ்வாறே ஓ.டபிள்யூ. ஆயிற்று.

இந்த வரிசையில் வந்ததே ஓ.கே. 'முற்றுஞ் சரி' எனப் பொருள்படும் 'ஓல் கொறெக்ற்' என்னும் தொடரின் முதற்சொல் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய ஏ என்பதிலும், இரண்டாஞ்சொல் மூன்றாமெழுத்தாகிய சீ என்பதிலும் தொடங்குவன. முறையே சுருக்கின் ஏ.சீ. என வருதல் வேண்டும். ஒலியை மட்டும் பின்பற்றும் எழுத்தறியாதான் போல நடித்து, முதலாவதை ஓ என்னும் எழுத்திலும் இரண்டாவதைக் கே என்னும் எழுத்திலும் தொடங்கவைத்தமையால் ஓ.கே. பிறந்தது.

இச்சொல் அச்சில் வந்ததாக இதுவரை அறியப்பட்டவற்றுள் முந்தியது 1839-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் வெளிவந்த 'பொஸ்ரன் மோணிங் போஸ்ற்' எனும் பத்திரிகையில் உளது. அதன் ஆசிரியர் சாள்ஸ் கோடன் கிறீன் என்பார். அந்நகரிலே உணவு மணி அடித்தலைத் தடைசெய்த நகராட்சி விதியைப் பரிகசித்து வேடிக்கையாக அமைக்கப்பட்ட ஒரு சங்கத்தாரின் பயணத்தைப் பற்றி, அயல் நகராகிய பிறொவிடென்ஸ் நகரத்துப் பத்திரிகையாசிரியரோடு விளையாட்டாகச் சொல்லாடும் ஒரு சிறு குறிப்பு அது. அதில் ஓ.கே. என எழுதி, அருகிலேயே அதன் பொருளையும் ஆசிரியர் எழுதிவிட்டார். அவர் அதனைத் தந்திராவிடின் வாசகர்க்கு அது விளங்கியிராது.

எனவே ஓ.கே. என்பதிலுள்ள பிழை எழுத்தறிந்தவர் வேண்டுமென்றே செய்த பிழை. எழுத்தறியாதார் ஒருவரும் அதனைச் செய்திலர்.

தேர்தல் வளர்த்த சொல்

ஏனைய குறிகள் எல்லாம் மறைய, இஃது ஒன்று மட்டும் நிலைத்ததற்குக் காரணம் 1840-ஆம் ஆண்டு நிகழ்ந்த சனாதிபதித் தேர்தல். ஜக்சனுக்குப் பின் 1837-இற் பதவியேற்ற மாட்டின் வான் பியூரன் மீண்டும் தேர்தலில் நின்றார். அவர் நியூயோர்க் மாநிலத்துக் கின்டர்ஹூக் எனும் ஊரிற் பிறந்தவர். ஆதலின் ஆதரவாளர் அவரை 'ஓல்ட் கின்டர்ஹூக்' என அழைத்தனர். அப்பெயரின் முதலெழுத்துக்களும் ஓ, கே என்பனவே. அவர் கட்சியார் நியூயோர்க்கில் ஓ.கே. கழகம் எனும் பெயரால் ஒரு சங்கம் அமைத்தனர். 'கின்டர்ஹூக் முதியவர்' எனவும் 'முற்றுஞ் சரி' எனவும் இருபொருள்பட நின்ற அச்சொல் தேர்தற் கோஷமாயிற்று. இதனை நம் அணிநூலார் சிலேடை என்பர்.

எதிர்க்கட்சியார் வாளாவிருந்திலர். 1837-இல் தோன்றிய பொருளாதார நெருக்கடியால் நாடு இடருற்றிருந்த காலம் அது. 'காசு தீர்ந்தது' எனப் பொருள்படும் 'அவுட் ஒவ் காஷ்' என்பதில் இறுதிச் சொல்லைக் கே எனும் எழுத்தாற் பிழைபட எழுதி, ஓ.கே. என்பதன் விரிவு அதுவே என நகைத்தனர். அவர்களே இன்னொரு கதையையுங் கட்டினர்: முன்னைச் சனாதிபதியாகிய ஜக்சன் எழுத்துக்கூட்டத் தெரியாது ஓ.கே. என எழுதினார், இச்சொல் அவர் பிழை என்பதே அக்கதை. வான் பியூரனின் தலைவரும் நண்பருமாகிய ஜக்சனை இகழ்ந்தால் வான் பியூரனும் தாழ்வார் என்பது அவர்தம் கருத்து. அத்தேர்தலில் வான் பியூரன் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹரிசன் வென்றார். சொல் மட்டும் இரு கட்சிக்கும் பொதுவாக எஞ்சி நின்றது.

யாம் வகுப்பிற் சரித்திரம் போலக் கூறியது அத்தேர்தற் பொய்யையே.

ஜக்சன் முறையான பள்ளிக்கல்வி குறைவாகப் பெற்றவர் என்பது மெய். ஆயினும் சட்டம் பயின்று வழக்கறிஞராயும் நீதிபதியாயும் விளங்கியவர். சனாதிபதியாக இருந்த 1829 முதல் 1837 வரையுள்ள காலத்தில் அவர் ஓ.கே. என எழுதிய தாள் ஒன்றேனும் காட்டப்படவில்லை. 1790-ஆம் ஆண்டு நீதிமன்றப் பதிவேடு ஒன்றில், அவர் தொடர்புற்ற ஒரு விற்பனை உறுதி பற்றிய குறிப்பில் ஓ.கே. உளது எனச் சிலர் காட்டினர். பின்வந்தோர் அதனை நுணுகி நோக்க, 'பதிவுசெய்யப் பணிக்கப்பட்டது' எனப் பொருள்படும் ஓ, ஆர் எனும் எழுத்துக்களே ஆண்டிருப்பது தெரிந்தது. எம் மாணவன் வினவிய தாளைக் கண்டார் எவருமிலர்.

இவ்வுண்மைகளை வெளிப்படுத்தியவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆங்கிலப் பேராசிரியர் அலன் வோக்கர் றீட் என்பார். அவர் 1941-இல் எழுதிய கட்டுரையில் இச்சொல்லின் பிறப்பை 1840-ஆம் ஆண்டுத் தேர்தலோடு தொடர்புறுத்தினார். அதற்கு முந்திய 1839-ஆம் ஆண்டுச் சான்று வெளிப்பட்டபின், தம் முடிபைத் தாமே திருத்தி, 1963, 1964-ஆம் ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' எனும் ஆராய்ச்சி ஏட்டில் விரிவாக எழுதினார். அலன் மெற்காவ் என்பார் 2010-இல் இவ்வொரு சொல்லைப் பற்றியே ஒரு தனிநூல் வெளியிட்டார்.

பிற கதைகளும் அவற்றை அளக்கும் முறையும்

ஒரு சொல் உலகெங்கும் பரவிவிட்டால் அதற்கு உரிமை கோருவார் பலராவர். ஓ.கே. என்பதற்குத் தந்தையர் பலர் கூறப்பட்டனர். கிரேக்கர் 'எல்லாம் நலம்' எனும் பொருளுடைய தம் 'ஓலா கலா' என்பதைக் காட்டுவர். ஸ்கொத்லாந்தார் 'ஒக் ஐ' எனும் தம் இசைவுச் சொல்லைக் காட்டுவர். செவ்விந்தியருள் ஒரு சாராராகிய சொக்தோ மக்களின் மொழியில் 'ஆம், அவ்வாறே' எனப் பொருள்படும் சொல் ஒன்று உளது. அதுவே மூலம் எனக் கருதிய சனாதிபதி வூட்றோ வில்சன், அரசாங்கத் தாள்களில் 'ஓகே' என்பதை அம்மொழி எழுத்துக்கூட்டலைத் தழுவியே எழுதினார். மேற்கு ஆபிரிக்க மொழிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் வாயிலாக வந்தது என்பாரும் உளர். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே படைவீரர்க்கு வழங்கிய விசுக்கோத்துக்களில் அவற்றைச் செய்தவரின் பெயரெழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தன, அவையே ஓ.கே. ஆயின என்பதும் ஒரு கதை.

இவற்றை அளந்தறிதற்கு மாணாக்கர் கொள்ளத்தக்க விதிகள் மூன்று.

முதலாவது, காலம். தந்தை மகனுக்குப் பின் பிறத்தல் இயலாது. உள்நாட்டுப் போர் 1861-இலேயே தொடங்கியது. 1839-இல் அச்சேறிய சொல்லுக்கு அப்போர்க்காலத்து விசுக்கோத்து மூலமாதல் எங்ஙனம்?

இரண்டாவது, வழி. ஒரு சொல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சென்றதெனின், சென்ற வழியிற் சுவடு இருத்தல் வேண்டும். கிரேக்கச் சொல்லும் சொக்தோச் சொல்லும் பொஸ்ரன் பத்திரிகை அலுவலகத்தை அடைந்த வழியை எவருங் காட்டிற்றிலர். ஆண்டுப் பிறந்தமைக்கோ, அச்செழுத்தில் அருகிருக்கும் பொருளுரையே சான்று.

மூன்றாவது, ஒலி ஒப்புமை மட்டும் உறவாகாது. உலகில் மொழிகள் பல, ஒலிகளோ சில. தற்செயலாக ஒத்தொலிக்குஞ் சொற்கள் எந்த இரு மொழியிலும் உளவாம்.

இம்மூன்றாம் விதியை நாமும் மறவாதிருத்தல் நன்று. ஆங்கிலத்திற் 'காஷ்' எனும் சொல் நம் காசு என்பதிலிருந்து பிறந்ததெனச் சொல்லி மகிழ்வாரை யாம் பன்முறை கண்டுள்ளோம். ஒரு காலத்து யாமும் சொன்னதுண்டு. உண்மை இருபாற்பட்டது. கீழைத்தேசச் சிறு நாணயங்களைக் குறித்து ஐரோப்பியர் வழங்கிய 'காஷ்' எனும் சொல் போர்த்துக்கேயர் வாயிலாக நம் காசு என்பதிலிருந்து சென்றதே. கைப்பணம் எனும் பொருளில் ஆங்கிலர் நாடோறும் வழங்கும் 'காஷ்' அதுவன்று. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியே வந்தது. ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் அவை இரண்டு சொற்கள். கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்திற் புகுந்தமைக்குச் சான்றுண்டு. உள்ள பெருமை நமக்குப் போதும். இல்லாததைச் சேர்ப்பின் உள்ளதும் ஐயுறப்படும். யாழ்ப்பாணத்து 'ஓம்' என்பதிலிருந்தே ஓ.கே. பிறந்தது என நாளை ஒருவர் எழுதினும் வியப்பதற்கில்லை. அவர்க்கு இம்மூன்று விதிகளையும் காட்டுக.

சொல்லின் பொருளுக்குரிய காரணம் நோக்கிய அளவிலே புலப்படாது எனத் தொல்காப்பியர் உரியியலில் உணர்த்தினார். அதனைப் பலமுறை பாடஞ் சொன்ன யாமே, கேட்ட கதையை ஆராயாது கூறினோம்.

பொருள் விரிவு

இனி இச்சொல் பெற்ற பொருள்களை நோக்குவோம். தொடக்கத்தில் 'முற்றுஞ் சரி' என்னும் ஒரு பொருளே இருந்தது. இன்றோ அதன் பொருள்கள் பலவாம்.

கேட்டதற்கு இசைதல் ஒரு பொருள். விழுந்தெழுந்த பிள்ளையை ஓகேயா என வினவுமிடத்து, ஊறின்மை பொருளாம். உணவு எவ்வாறு இருந்தது என வினவினார்க்கு ஓ.கே. என்று குரல் தாழ்த்தி விடையிறுப்பின், 'குற்றமில்லை, ஆயினும் சிறப்புமில்லை' என்பது பொருள். மேலதிகாரியின் ஓ.கே. கிடைத்தது என்னுமிடத்து அது பெயராகி அனுமதியைக் குறித்தது. ஒரு திட்டத்தை ஓ.கே. பண்ணினர் என்னுமிடத்து வினையாயிற்று. பேச்சைத் தொடங்குவோரும், ஒரு பொருளை முடித்து மறுபொருளுக்குச் செல்வோரும் பொருள் ஒன்றுங் கருதாது அதனை இடைச்சொற்போல வழங்குவர். இறுதியில் வினாவாக நின்று, கேட்போன் இசைவை வேண்டுதலும் உண்டு.

இவ்விரிவில் ஒன்று கருதத்தக்கது. 'முற்றுஞ் சரி' எனும் உயர்ந்த பொருளிற் பிறந்த சொல், 'ஏதோ பரவாயில்லை' எனும் அளவிற்குத் தாழ்ந்தது. நாற்றம் என்னும் நம் சொல் நறுமணத்தைக் குறித்த நிலையிலிருந்து தீநாற்றத்தைக் குறித்த நிலைக்கு இழிந்தது போல்வது இது. மறுபுறத்து, நகைப்புக்குரியதாய்ப் பிறந்த சொல் மதிப்பும் பெற்றது. 1918-இல் ஒரு கிராமபோன் இசைத்தட்டு நிறுவனம் 'ஓகே' எனத் தனக்குப் பெயரிட்டது. 1961-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் அலன் செப்பேட் விண்வெளி சென்று மீண்டபோது, அமெரிக்க விண்வெளி நிலையப் பேச்சாளர் பத்திரிகையாளரிடம் யாவும் 'ஏ-ஓகே' என்றார். பத்திரிகையாசிரியரின் விளையாட்டு விண்வெளிக் கலத்தின் நலங்கூறும் மொழியாயிற்று.

நம் 'சரி' என்பதும் இப்பொருள்களிற் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்பதை மாணாக்கர் ஒப்பிட்டுக் காண்க. 'சரி, வருகிறேன்' என்பது இசைவு. 'சரி, இனிப் பாடத்தைத் தொடங்குவோம்' என்பது தொடக்கம். 'சரிதானே?' என்பது வினா. ஆதலின் தமிழ்க் கட்டுரையில் ஓ.கே. என எழுதவேண்டிய தேவை இல்லை என்னும் எம் கருத்து இன்றும் மாறவில்லை. 'சரி' உளது, 'ஓம்' உளது. அன்று யாம் இட்ட சிவப்புக் கோடு தக்கதே. ஆயின், உரையாடலிலே ஒருவர் பேசுமாறே எழுதுதல் பொருந்தும் என அம்மாணவன் வாதிட்டிருப்பின் அதற்கும் இடமுண்டு. கோட்டின் அருகே யாம் சொன்ன கதையே தவறு.

கடன்

ஒரு சனாதிபதியை எழுத்தறியாதவர் என இழித்தற்குக் கட்டிய கதையை, எழுத்துக்கூட்டத் தடுமாறிய சிறுவன் ஒருவனை இழித்தற்கு யாம் பயன்படுத்தினோம். அவன் எழுத்திற் பிழை செய்தான். அறிவிற் பிழை செய்திலன். வகுப்பிலே சான்று வேண்டும் என்றவன் அவனொருவனே. பேராசிரியர் றீட் பத்திரிகைத் தாள்களைப் புரட்டிப் பல்லாண்டு தேடியது அவன் ஒரு வினாவிற் கேட்ட அதனையே. அன்று யாம், 'தெரியாது தம்பி, தேடிப் பார்ப்போம்' என்றிருப்பின், அவனும் யாமும் ஒருங்கு தேடியிருத்தல் கூடும். தெரியாது என்னும் சொல்லை ஆசிரியர் வாயிற் கேட்பது மாணாக்கர்க்குத் தீங்கு செய்வதில்லை என்பதை யாம் காலந்தாழ்த்தே கற்றோம்.

அக்கதையை அதன்பின்னும் வேறு வகுப்புக்களிற் சொல்லியுள்ளோம். கேட்டவர்கள் இன்று தம் பிள்ளைகட்கும் சொல்லியிருத்தல் கூடும். அவர்கள் அனைவரும் இக்கட்டுரையை எம் திருத்தமாகக் கொள்க. அம்மாணவன் எந்நாட்டில் இருப்பினும் இம்மலர் அவன் கையை அடைவதாக. அவன் பெயரை யாம் ஈண்டு எழுதவில்லை. படித்தால் தன்னை அறிந்துகொள்வான். தம்பி, நீ வினவிய தாளை எவரும் கண்டதில்லை. நீ வினவியது சரி. உன்னை இருக்கச் செய்த எம் பிழையைப் பொறுத்துக்கொள்க.

இப்பொழுது இக்கல்லூரியிற் பயிலும் மாணாக்கர்க்கு ஒன்று கூறி அமைவோம். ஆசிரியர் கூறுவதைக் கேளுங்கள். கேட்டபின் சான்று யாது எனப் பணிவோடு வினவுங்கள். எம் வகுப்பில் அவ்வாறு வினவுவோர் இனி இருக்கச் சொல்லப்படார். கல்லூரியன்னை நீடு வாழ்க.